வயித்துப் பங்கு

சென்னீர்குப்பத்தில் குழந்தை பிறந்தால் மூன்றாம் நாள் விடிந்ததும் வேம்புலியம்மாள் வந்துவிடுவாள். பிரசவம் பார்ப்பவள் வேறொருத்தி. அதற்குப் பிறகு நாற்பது நாள் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் இவள் வேலை. கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்திக்கொள்வாள். எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, மூக்கைக் கிள்ளி எடுத்துவிட்டு, கடைசியில் தலைக்கு வருவாள். உள்ளங்கைகளைக் குவித்துத் தலையைச் சுற்றிச் சுற்றி அழுத்துவாள். குழந்தை வீறிடும். பெற்றவள் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேம்புலியம்மாளின் வாய் மட்டும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தாது.

"பொறந்த தல பச்ச மண்ணு மாதிரி. நாப்பது நாளிக்கி நான் சொல்றதத்தான் கேக்கும்" என்பாள்.

பதினெட்டு வயதில் ஐயப்பன்தாங்கலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் செய்துகொண்டிருந்த வேலை அவளுக்குப் பிறகு இவள் கைக்கு வந்தது. புருஷன் கோவிந்தன் கொத்தவால்சாவடிக்குக் கீரை வண்டி ஓட்டினவன், காலராவில் போய்விட்டான். ஒரே மகன் கன்னியப்பன், இருபது வயது, ஜம்புலிங்க நாயக்கரின் எருமைகளை மேய்க்கிறான். தண்ணீர் ஊற்றக் குழந்தை இல்லாத நாட்களில் அவளும் நாயக்கர் கழனிக்கு நடவுக்கும் களைக்கும் போவாள். இருநூறு குழந்தைகளாவது அவள் கைப்பட்டு வளர்ந்திருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பச்சை மண் பேச்சைச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அதுவே அவளைப் பிடித்துக்கொண்டது.

ஈசுவர வருஷம் சித்திரைக் கடைசியில், சீமையில் புது ராஜாவுக்குப் பட்டாபிஷேகம், பள்ளிக்கூடங்களில் கொண்டாட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேரிப் பிள்ளைகளுக்காக லேபர் இலாகா நடத்திய எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வாத்தியார். பழைய பேப்பரில் முப்பத்தொரு தொப்பிகள் செய்தேன், எல்லாம் ஒரே அளவு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மாட்டினோம். எல்லம்மாவின் மகன் முனியனுக்கு மாட்டிய தொப்பி சரிந்து வந்து மூக்கில் நின்றது. அவனுக்கு வயது ஒன்பது. பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பையனுக்கு அதே தொப்பி கச்சிதமாக இருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊரே சிரித்தது. முனியனும் தொப்பிக்குள்ளிருந்தபடி சிரித்தான். எல்லம்மா சிரிக்கவில்லை.

முனியன் மூன்று வருஷமாக ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தான். திங்கட்கிழமை படித்த எழுத்து செவ்வாய்க்கிழமை அவனிடம் இருக்காது. ஓர் இடத்தில் உட்காரமாட்டான். கீரைக்காரி கூப்பிட்டாலும் போவான், பொம்மலாட்டக்காரன் கூப்பிட்டாலும் போவான். சோம்பேறி என்று நினைத்து அவனை அடித்தவர்களில் நானும் ஒருவன்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் எல்லம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேம்புலியம்மாளின் எதிரில் போய் நின்றாள்.

"பச்ச மண்ணு பச்ச மண்ணுன்னுவியே, எம்புள்ள தலைய இன்னா பண்ண?"

"இன்னாடி கேக்குற?"

"ஊரே பாத்துச் சிரிச்சிது. தேங்கா மாதிரி இருக்கவேண்டிய தலைய எலுமிச்சங்கா ஆக்கிட்ட. அமுக்கி அமுக்கி உள்ள கீறத எல்லாம் நசுக்கிட்ட."

"எரநூறு புள்ளைக்கு ஊத்திகீறேன் எல்லம்மா."

"அதுல எத்தினிய நசுக்கினியோ! யாருக்குத் தெரியும்?"

வேம்புலியம்மாளோடு வாய்கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அன்று அவள் பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அது எல்லம்மா பேசியதைவிட வேகமாக ஊரில் பரவியது. வைகாசியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. அவளை யாரும் கூப்பிடவில்லை. சின்னப்பையன் பெண்சாதி நாகவல்லிக்கு அப்போதுதான் இரண்டு மாதம். அவள் இப்போதே சொல்லிவிட்டாள், "எங்க ஊட்டுப் புள்ளைக்கி நாங்களே ஊத்திக்கிறோம்" என்று.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் வேம்புலியம்மாள் வந்து வாசலுக்கு வெளியே நின்றாள்.

"வாத்தியாரே, புள்ளைங்க தலைய ஒருவாட்டி தொட்டுப் பாக்கணும்."

"எதுக்கும்மா?"

"நான் நசுக்கனனா இல்லியான்னு என் கைக்கித்தான் தெரியும்."

பெரிய வாத்தியார் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். எனக்கும் பார்க்கவேண்டும் என்றிருந்தது. பிள்ளைகளைச் சுவரோரமாக உட்காரச் சொன்னேன். அவள் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தலையாக இரண்டு கைகளுக்குள் வாங்கினாள். நெற்றி, காதின் பின்புறம், பிடரி. விரல்கள் நிதானமாக நகர்ந்தன. பிள்ளைகளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"பெரீம்மா, பேனு கீதா?"

"ஒன் தலைல பேனு பட்டினி கெடக்கும், போடா."

முப்பத்தொரு தலைகளில் நான்கில் அவள் கைகள் நின்றன. முனியன் ஒருவன். செங்கல்வராயனின் மூத்த மகன் ஒருவன். ஒரு பெண் குழந்தை. நாலாவது ஆனந்தன். கண்ணைத் திறந்து அந்த நான்கு பேரையும் தனியாக வெளிச்சத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாரு வாத்தியாரே. மூக்குக்குக் கீழ எல்லாருக்கும் ஒரு வாய்க்கா ஓடும். இதுங்களுக்கு அது இல்ல. மெழுவி உட்ட களம் மாதிரி கீது. மேலொதடு நூலாட்டம். கண்ணு பாரு, சின்னது."

மூன்று வருஷமாகத் தினமும் பார்த்த முகங்கள். நான் ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்போல நின்றார்கள்.

"மூக்க எடுப்பேன், தலைய உருட்டுவேன். இந்த வாய்க்கால நான் என்னிக்கும் தொட்டதில்லையே" என்று முணுமுணுத்தாள். பிறகு ஆனந்தனின் தலையை மறுபடி ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். "இவன் யாரூட்டுப் புள்ள? இந்தத் தல எனக்குத் தெரியலியே."

ஆனந்தன் அண்ணனூரில் பிறந்தவன். அவன் தாய் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. இதைச் சொன்னேன்.

வேம்புலியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்போ நான் இல்ல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் எழுந்து போய், கிணற்றடியில் நான்கு பேர் கேட்க இதைச் சொல்லியிருக்கலாம். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எழுந்திருக்கவில்லை. முனியனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இன்னா வாத்தியாரே? எதுனால?"

அந்தக் கேள்வி அவளை இரண்டு மாதம் அலையவைத்தது. நான்கு தாய்மார்களையும், மற்ற பிள்ளைகளின் தாய்மார்களையும் துருவித் துருவிக் கேட்டாள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? எந்தக் கிணற்றுத் தண்ணீர்? மாமனைக் கட்டினாயா, அந்நியத்திலா? எதையாவது பார்த்துப் பயந்தாயா? சாம்பல் தின்றாயா, மண் தின்றாயா?

"இன்னா வேம்புலி, ஜனக்கணக்கு எடுக்குற வேலையா? கவர்மெண்ட்டுல குடையும் பூட்ஸும் குடுத்தாங்களா?" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். ஒருத்தி, "முழுவாம இருந்தப்போ ஒன் மூஞ்சப் பாத்தேங்க்கா, அதான் பயம்" என்றாள். வேம்புலியம்மாளும் சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

ஒன்றும் ஒத்துவரவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தவளின் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்தது. மாமனைக் கட்டினவளின் மகள் வகுப்பில் முதல். நான் பூந்தமல்லியில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "பரம்பரை ஐயா, அல்லது அம்மைக் காய்ச்சல். இதற்கெல்லாம் மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

செங்கல்வராயனின் வீட்டில்தான் நுனி கிடைத்தது. மூத்தவன் அந்த நான்கு பேரில் ஒருவன். இளையவன் அதே வகுப்பில் இருந்தான், கெட்டிக்காரன், வாயாடி. இரண்டு தலைகளுக்கும் தண்ணீர் ஊற்றியவள் வேம்புலியம்மாளேதான். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே கை. அப்படியானால் நடுவில் என்ன மாறியது? குமணன்சாவடிச் சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்த அவர்கள் தாய் பொன்னியம்மாவின் பக்கத்தில் வேம்புலியம்மாள் போய் உட்கார்ந்தாள். இதை அவள் பிறகு என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"பெரியவன் வயித்துல இருந்தப்போ எங்கடி வேல செஞ்ச?"

"நாயக்கர் கழனிலதான். வேற எங்க?"

"சின்னவனுக்கு?"

"அந்த வருசம் ஏரி காஞ்சிப்போச்சே. ஆவடிப் பக்கம் ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கப் போனோம். படுபாவி மேஸ்திரி. பச்சத் தண்ணி குடிக்கப் போனாலும் கத்துவான்."

"சோறு?"

"அதே கேவுருக் கூழுதான். ஆனா ஒரு மொந்த கள்ளு கண்ணுல காட்டல பாரு. வயித்துப் பங்கு இல்லாம புள்ள எப்பிடித் தேறும்னு தெனம் அழுவேன். சின்னவன் பொறந்தப்போ முழுசாக் கீறானான்னு வெரல எண்ணிப் பாத்தேன்க்கா."

வேம்புலியம்மாள் கையிலிருந்த முளைக்கீரைக் கட்டை ஒவ்வொரு தண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டாளாம். பொன்னியம்மா சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்ததாம்.

வயித்துப் பங்கு எங்கள் பக்கத்து வழக்கம். நடவு, களை, அறுப்பு நாட்களில் நாயக்கர் பகலில் கழனி வரப்பில் ஆளுக்கு ஒரு மொந்தை கள் கொடுப்பார். முழுகாமல் இருக்கிறவளுக்கு இரண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றில் இருக்கிறதுக்கு. அந்த இரண்டாவது மொந்தையை நாயக்கரே தம் கையால் ஊற்றுவார். பிள்ளை சிவப்பாகப் பிறக்கும், இடுப்புக்குப் பலம், பால் ஊறும் என்பார்கள். வேலை இல்லாத நாளில் மாமியார்மார்கள் கள் இறக்கும் மரத்தடியில் போய் வாங்கிவந்து கொடுப்பார்கள். வேம்புலியம்மாள் இரண்டு மாதமாக என்ன தின்றாய், என்ன குடித்தாய் என்று கேட்டபோதெல்லாம் ஒருத்திகூடக் கள்ளைச் சொல்லவில்லை. கஞ்சியையும் மோரையும்போல அதுவும் ஒன்று. எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? கேட்கவேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை.

மறுபடி நான்கு வீட்டுக்கும் போனாள். மூன்று பேர் நாயக்கர் கழனியில் வயித்துப் பங்கு வாங்கினவர்கள். ஆனந்தனின் தாய்க்கு அண்ணனூரில் முதல் புருஷன் மரம் ஏறுகிறவன். காலையில் இறக்கின முதல் கள் அவளுக்குத்தான். "ராணி மாதிரி வச்சிருந்தான்க்கா" என்று அவள் கண் கலங்கினாள்.

வேம்புலியம்மாள் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, தானே குறுக்கே ஒரு கேள்வியும் போட்டாள். "எல்லம்மாவோட மூத்த பொண்ணு வயித்துல இருந்தப்பவும் அவ குடிச்சாளாம். அது நல்லாத்தான் கீது. எத்தினியோ பேரு குடிச்சி நல்லா பெத்துகீறாங்க. அது ஏன் வாத்தியாரே?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனுக்கும் தெரியல" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு அக்கறையோடு சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதன் பிறகு பத்து நாள் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. ஒருநாள் கன்னியப்பன் எருமைகளோடு வாசலைக் கடந்து போனான். எப்போதும்போல என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றுதான் அவன் மேலுதட்டைப் பார்த்தேன். அதுவும் நூல்போல, மேலே வாய்க்கால் இல்லாமல் இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது வண்டியிலிருந்து விழுந்துவிட்டான், அதனால்தான் புத்தி மந்தம் என்று ஊரில் சொல்வார்கள். வேம்புலியம்மாளும் அதையே சொல்லி வந்தாள். அடுத்த தடவை பார்த்தபோது நான் எதுவும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"முப்பத்தோரு புள்ளைய என் கை பாத்துது. ஊட்ல கீறத பாக்கல."

ஆவணியில் நடவு ஆரம்பித்தது. நடவு நாளில் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள்தான் இருக்கும். வராத பிள்ளைகளின் பேரை எழுதிக்கொண்டு நான் நாயக்கர் கழனிக்குப் போயிருந்தேன். பகல் வேளை, பெண்கள் சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பானையிலிருந்து ஆள் ஒருவன் மொந்தைகளை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாகவல்லிக்கு ஐந்து மாதம், வயிறு தெரிந்தது. நாயக்கர் குடையை ஆளிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய இரண்டாவது மொந்தையை ஊற்றக் குனிந்தார். பெரிய மீசை, இளகின மனசு.

"குடி தாயி. ஆம்பளப் புள்ளையாப் பெத்து எனக்கு ஏரோட்டக் குடு."

வேம்புலியம்மாள் எழுந்து நின்றாள். "ஆண்டே, அவளுக்கு ஊத்தாதீங்க."

"இன்னாடி?"

"ரெண்டாவது வாணாம். மொத மொந்தையும் வாணாம். வயித்துல கீறதுக்கு ஆவாது."

நாயக்கர் நிமிர்ந்தார். "சேலத்துல கள்ளுக்கட மூடப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டான், நீ அதுக்குள்ள காங்கிரஸ்ல சேந்துட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். எல்லம்மா மட்டும், "தலைய நசுக்கனவ இப்போ வயித்தப் பத்திச் சொல்ல வந்துட்டா" என்றாள்.

"குடிக்கிற ஆம்பளைங்களப் பத்தி நான் பேசல ஆண்டே. அவங்க என்னமோ பண்ணிக்கினு போவட்டும். முழுவாம இருக்கிறவளுக்கு மட்டும் வாணாம்."

"எங்கப்பன் ஊத்துன கை, நான் ஊத்துற கை. வெஷம் வைக்கிறேன்னு சொல்றியாடி?" நாயக்கரின் குரல் மாறிவிட்டது. சிரிப்பு நின்றது.

"வெஷம்னு தெரிஞ்சி யாரு ஊத்துவாங்க, ஆண்டே? ஆசையாத்தான் ஊத்துனீங்க. நானும் ஆசையாத்தான் குடிச்சேன். இருவது வருசத்துக்கு முந்தி இதே வரப்புல, உங்க கையால, தெனம் ரெண்டு மொந்த." அவள் கை தூக்கிக் காட்டினாள். "ஊட்லயும் எம்மாமியா குடுத்துது. வண்டியிலேர்ந்து உழுந்தான்னு சொன்னதெல்லாம் சும்மா. எம்புள்ள என் வயித்துலயே உழுந்துட்டான்."

அவள் காட்டிய இடத்தில், ஏரிக்கரைச் சரிவில், கன்னியப்பன் எருமைகளின் நடுவே நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சந்தோஷமாகக் கை ஆட்டினான். நாயக்கர் அவனையே பார்த்தார். அவன் பிறந்ததிலிருந்து தெரிந்தவன்தான் அவருக்கு. கையில் இருந்த மொந்தை சாய்ந்து கள் வரப்பில் கொட்டியது.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கி வராத" என்று சொல்லிவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

நாகவல்லி முதல் மொந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்றுமுடி சுமந்து வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். சின்னப்பையன் தலையைச் சொறிந்தான்.

"இன்னாமே பாக்குற? வாணான்னா எங்கிட்ட குடு, வீணாப் போவுது."

"குடிடா, குடி. ஒனக்கு வயித்துல இன்னா கீது, குடலுதானே" என்று எவளோ சொல்ல, மறுபடி சிரிப்பு வந்தது. நாகவல்லி மொந்தையை அவனிடம் நீட்டிவிட்டு வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

நாகவல்லிக்கு மார்கழியில் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் வேம்புலியம்மாளைக் கூப்பிட ஆள் வந்தது. குழந்தை நன்றாக இருந்தது. அதை வைத்து அவள் பெருமை பேசவில்லை. "ஒண்ண வச்சி இன்னா சொல்றது? பத்து இருவது பாக்கணும்" என்றாள். நாயக்கர் அடுத்த வருஷ நடவில் வயித்துப் பங்கு மொந்தையில் மோர் ஊற்றினார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கன்னியப்பனை மேய்ச்சலிலிருந்து நிறுத்தவில்லை; வேம்புலியம்மாளை மட்டும் அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை.

ஆனால் அந்த ஆவணிப் பகலில் அதற்கப்புறம் நடந்த ஒன்றுதான் எனக்கு முக்கியம். வேம்புலியம்மாள் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வரப்போடு வீட்டுக்குத் திரும்பினாள். எல்லம்மா நடவிலிருந்து கரையேறி அவள் பின்னால் ஓடினாள். நானும் அதே வரப்பில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"அக்கா, நில்லு. அப்போ எம்புள்ளைய நானா நசுக்கனேன்?"

வேம்புலியம்மாள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கிணற்றடியில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"நீ குடிச்ச, நான் குடிச்சேன். நாயக்கர் ஊத்துனாரு, மாமியாருங்க குடிடின்னாங்க. புள்ள நல்லாருக்கணும்னுதானே எல்லாரும் பண்ணோம். யாருக்குடி தெரியும்?"

எல்லம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வேம்புலியம்மாள் அவளை வரப்பில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். அழுகை நின்ற பிறகு எல்லம்மா கேட்டாள்:

"இவன் பெரியவனானா இன்னாக்கா ஆவான்?"

இருபது வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். அவள் பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. கன்னியப்பனுக்கு எருமைகளை எண்ணத் தெரியாது. ஆனால் ஒன்று குறைந்தால் எது என்று முகத்தை வைத்துச் சொல்லிவிடுவான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், இரண்டு சொன்னால் இரண்டும் போய்விடும். கோபம் வந்தால் பேசக்கூடாது, நிழலில் உட்காரவைக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் கூப்பிட்டாலும் போய்விடுவான், அதனால் சந்தையில் நான்கு கடைக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். "அடிக்காத. அடிச்சது நெனப்பு இருக்கும், எதுக்குன்னு இருக்காது" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எருமைய ஓட்டிகினு தனியாப் போறானே, அது எப்பிடிக்கா?"

"பழக்குனேன். முனியன நாளைக்கிக் கூட்டிகினு வா, ரெண்டு பேரும் சேந்து போவட்டும். எந்த வழியா வருவ?"

"ஏரிக்கரையில வந்தா கிட்ட."

"அப்போ தெனமும் ஏரிக்கரையிலியே வா. மழ பேஞ்சாலும் வழிய மாத்தாத. அவன முன்னால உட்டு நீ பின்னால நட."

"எத்தினி நாளிக்கி?"

"கன்னியப்பனுக்கு ஏழு மாசம் ஆச்சி. அப்பறம் அவனாப் போனான்."

"ஏழு மாசம்" என்றாள் எல்லம்மா, சேற்று விரல்களை மடக்கிக்கொண்டே. "ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி…"